168 பிள்ளைகள், சின்ன மைதானம்: இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆலோசனை தேவை

கேள்வி: மகாவலிக்கரை ரீச்சர்

வணக்கம். மூதூர் கல்வி வலயத்தில் உள்ள ஒரு 1சி பாடசாலைக்காகக் கேட்கிறேன். தரம் 6 முதல் 13 வரை 168 பிள்ளைகள். உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டும்தான். உடற்கல்விக்கு ஆசிரியர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் என்னிடம் இல்ல விளையாட்டுப் போட்டியை அதிபர் ஒப்படைத்திருக்கிறார். மாசிக் கடைசியில் நடத்த எண்ணம்.

சிக்கல் மூன்று.

ஒன்று, எங்களுக்கு நான்கு இல்லங்கள் (போட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கும் அணிகள்). மேல் வகுப்பில் ஆண் பிள்ளைகள் மிகக் குறைவு. 20 வயதுக்குட்பட்டோர் மொத்தமே 7 பேர். நான்கு இல்லத்துக்கும் அஞ்சல் ஓட்ட (கோல் மாற்றி நால்வர் ஓடும்) அணி எப்படிச் சேர்ப்பது?

இரண்டு, மைதானம் நீளம் 95 மீற்றர், அகலம் 55 மீற்றர். அதில் சுற்றுப்பாதை அடிக்கலாமா? கையில் இருப்பது 50 மீற்றர் அளவு நாடா ஒன்று மட்டும்.

மூன்று, வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுவது, இல்ல அலங்காரச் செலவு பற்றிப் பெற்றோரின் முறைப்பாடு. இரண்டுக்கும் நடைமுறையில் என்ன செய்யலாம்?

பதில் 1: தம்பலகாமத்தான்

ரீச்சர், முதலில் மைதானத்தை விட்டுவிட்டுப் பெயர் இடாப்பை எடுங்கள். சின்னப் பாடசாலையில் போட்டி குழம்புவது காசு இல்லாததால் அல்ல, தலை எண்ணாமல் நிகழ்ச்சி நிரல் போடுவதால்.

வயதுப்பிரிவு 12, 14, 16, 18, 20. தரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். பிறந்த திகதியைப் பார்த்துப் பிரியுங்கள். தரம் 9இல் இருக்கும் பிள்ளை பிந்திச் சேர்ந்ததாக இருந்தால் மேல் பிரிவுக்குப் போய்விடும். எந்தத் திகதியை எல்லையாக வைப்பது என்பது அந்தந்த வருடப் பாடசாலை விளையாட்டுச் சுற்றறிக்கையில் இருக்கும். கோட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். இதில் பிழைத்தால் இல்லப் போட்டியில் வென்ற பிள்ளையை வலயப் போட்டியில் பிறப்புச் சான்றிதழைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க முடியாது.

கணக்கு இப்படி வரும். 5 வயதுப்பிரிவு, 2 பால், 4 இல்லம் என்றால் 40 கூடு. 168 பிள்ளைகளை 40 கூட்டில் போட்டால் கூட்டுக்கு 4.2 பேர். அஞ்சல் ஓட்டத்துக்கு 4 பேர் வேண்டும். கீழ்ப் பிரிவில் கூடுதலாகவும் மேல் பிரிவில் குறைவாகவும் இருப்பதால், மேலே போகப் போகக் கூடு காலி. அதனால் என் ஆலோசனை, இல்லத்தை இரண்டாக்குங்கள். இரண்டு இல்லம், ஒவ்வொன்றிலும் இருவர், நான்கு லேன் சரியாக நிரம்பும்.

பிரிக்கும் முறையும் முக்கியம். இடாப்பில் ஒற்றை எண்கள் (1, 3, 5) ஒரு இல்லம், இரட்டை எண்கள் (2, 4, 6) மற்ற இல்லம் என்று பிரித்தால் வேகமான பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் விழ இடமுண்டு. வயதுப்பிரிவு, பால் வாரியாக எல்லோரையும் 60 மீற்றர் ஓடவிட்டு நேரப்படி வரிசைப்படுத்துங்கள். பிறகு பாம்பு ஊர்வதுபோல் வளைத்து வளைத்துப் பிரியுங்கள்: இரண்டு இல்லமென்றால் 1, 2, 2, 1, நான்கென்றால் 1, 2, 3, 4, 4, 3, 2, 1. அண்ணன் தங்கையை ஒரே இல்லத்தில் விடுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நிறத்தில் ரீசேட் வாங்குவது இந்த விலைவாசியில் அநியாயம்.

பதில் 2: நாலாம் லேன்

மைதானக் கேள்விக்கு என் பதில். 95க்கு 55 இல் 200 மீற்றர் சுற்றுப்பாதை தாராளமாக வரும். ஆறு லேன் அடிக்க ஆசைப்படாதீர்கள். ஆறு அடித்தால் 92.44 மீற்றர் நீளமும் 52.44 மீற்றர் அகலமும் போய்விடும். ஓரத்தில் மிஞ்சுவது ஒன்றேகால் மீற்றர்தான், மதிலிலோ முள்வேலியிலோ பிள்ளை மோதும். நான்கு லேன் என்றால் 87.56க்கு 47.56. சுற்றிவர 3.7 மீற்றர் மிஞ்சும்.

அளவுகள்: நேர்ப்பாதை 40 மீற்றர். உள்கோட்டின் ஆரை 18.90 மீற்றர். லேன் அகலம் 1.22 மீற்றர். ஆகவே வளைவுக் கோடுகளின் ஆரைகள் 18.90, 20.12, 21.34, 22.56, 23.78. ஓட்டத்தின் தூரம் உள்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே அளக்கப்படும் என்பதால் ஓடும் ஆரை 19.10, இரண்டு வளைவும் சேர்ந்து 120 மீற்றர், இரண்டு நேரும் 80 மீற்றர்.

வேலை இப்படி. மைதானத்தின் நீளவாட்டில் நடுக்கோடு ஒன்று பிடித்து, அதில் 40 மீற்றர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். பெயர் அ, ஆ என்று வைப்போம். மரமுளை ஆடும்; அரை அங்குலக் கம்பியை ஒன்றரை அடிக்கு வெட்டி அடித்தால் அசையாது. ஒவ்வொரு முளையிலும் நடுக்கோட்டுக்குச் செங்குத்து எடுக்க வேண்டும். 6, 8, 10 மீற்றர் முக்கோணம் போட்டால் போதும். 3, 4, 5 சின்னது, அதில் பிழை பெருத்துவிடும். செங்குத்தில் இரு பக்கமும் 18.90 அளந்து நான்கு மூலைக்கும் முளை வையுங்கள். இப்போது 40க்கு 37.80 செவ்வகம் ஒன்று கிடைக்கும். அதன் மூலைவிட்டம் இரண்டும் 55.03 அல்லது 55.04 மீற்றர் வர வேண்டும். உங்கள் நாடா 50 மீற்றர்தான் என்பதால் இடையில் ஒரு குறி வைத்து இரண்டு முறையாக அளவுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் வளைவு கீறத் தொடங்காதீர்கள், செங்குத்தைத் திருத்துங்கள்.

வளைவுக்குத் தேங்காய்நார்க் கயிறோ நைலோன் கயிறோ வேண்டாம். இழுபடும், காலையில் ஒரு ஆரை, நண்பகலில் ஒரு ஆரை. கட்டுக்கம்பியில் வளையம் போட்டு முளையில் மாட்டி, மற்ற முனையில் ஆணி கட்டி நிலத்தைக் கீறிச் செல்லுங்கள்.

எல்லோரும் பிழைவிடும் இடம் முன்னகர்வு, அதாவது வெளி லேன்காரர் முன்னால் தள்ளித் தொடங்கும் தூரம். ஒரு சுற்று ஓடும் 200 மீற்றருக்கு இரண்டாம் லேன் 7.67, மூன்றாம் லேன் 15.33, நான்காம் லேன் 23.00 மீற்றர் முன்னால் தொடங்க வேண்டும். இவை வளைவு வழியே அளந்த நீளம். நாடாவை நேராக இழுத்து 23.00 பிடித்தால் நான்காம் லேன்காரருக்கு 1.1 மீற்றர் இனாமாகப் போய்விடும். 200 மீற்றரில் அது பெரிய இடைவெளி. நாடாவை நேராக இழுத்துத்தான் அளக்கிறீர்கள் என்றால் 7.62, 15.01, 22.03 என்று பிடியுங்கள். முடிவுக்கோட்டில், அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே இருந்து, அதே 20 சென்ரிமீற்றர் புள்ளிக்கு. முடிவுக்கோடு அ முளையின் செங்குத்தில், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இருக்கட்டும்.

100 மீற்றருக்கு நேரான பாதை உங்கள் மைதானத்தில் கிடையாது. மூலைக்கு மூலை 109.8 மீற்றர் வந்தாலும், ஓடி முடித்து நிற்க இன்னும் 15 மீற்றர் வேண்டும். அதனால் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நேராக 60 மீற்றர் வையுங்கள். மற்றவர்களுக்கு அரைச்சுற்று: ஆ வளைவின் தொடக்கத்திலிருந்து. முன்னகர்வு பாதிதான், 3.83, 7.67, 11.50, நேராக இழுத்தால் 3.83, 7.62, 11.38. வளைவில் ஓடிய நேரத்தை நேரில் ஓடிய நேரத்தோடு ஒப்பிட முடியாது. வலயத்துக்குப் பிள்ளை தெரிவுசெய்யும்போது பக்கத்துப் பெரிய மைதானம் ஒன்றில் தனியாக ஒருதரம் ஓட்டிப் பாருங்கள்.

4 × 100 அஞ்சல் இரண்டு சுற்று. தொடக்க முன்னகர்வு இரட்டிப்பு: 15.33, 30.66, 45.99, நேராக இழுத்தால் 14.97, 28.14, 38.56. முதல் கோல்மாற்றம் ஆ வளைவில் 11.50, 23.00, 34.49 மீற்றரில். இரண்டாவது மாற்றம் நீங்கள் ஏற்கெனவே போட்ட 200 மீற்றர் தொடக்கக் குறியிலேயே விழும். மூன்றாவது 100 மீற்றர் தொடக்கக் குறியில். புதிதாக இரண்டு தொகுதிதான் கீற வேண்டும். கோல் மாற்றும் வலயம் 30 மீற்றர்: குறிக்கு ஓடிவரும் பக்கம் 20, குறியைத் தாண்டி 10. பழைய குறிப்புகளில் 20 மீற்றர் என்றிருக்கும், அது 2018க்கு முந்தியது.

கோடு போட நீற்றாத சுண்ணாம்பைக் கையால் தொடவே வேண்டாம். வியர்த்த வெறுங்காலில் பட்டால் பொசுக்கும். நீற்றிய சுண்ணாம்பும் கண்ணுக்கு ஆகாது. கமநல நிலையத்திலோ உரக்கடையிலோ டொலமைட் தூள் கேளுங்கள். ஐந்து கோடும் சேர்ந்து 1,070 மீற்றர். மீற்றருக்கு 50 கிராம் என்று வைத்தால் 54 கிலோ. 25 கிலோ மூட்டை மூன்று எடுத்தால் மழைக்கும் கையிருப்பு இருக்கும். பெரிய பால்மா ரின்னின் அடியில் 5 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் ஆணியால் துளை போட்டுத் தட்டிக்கொண்டு போனால் கோடு ஒரே அளவாக விழும். முதல்நாள் மாலை கீறல் மட்டும். தூள் அன்று விடிய 5 மணிக்கு. இரவில் மாடு நடந்தால் அத்தனை கோடும் அழிந்துவிடும்.

மகாவலிக்கரை ரீச்சர்

நாலாம் லேன், நன்றி. கட்டுக்கம்பி பாடசாலையிலேயே இருக்கிறது. தம்பலகாமத்தான் சொன்னபடி பிறந்த திகதியால் எண்ணினேன். 18 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 பேர். இரண்டு இல்லமாக்குவதைப் பழைய மாணவர் சங்கம் விரும்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 3: வெருகல் காற்று

பழைய மாணவர் சங்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு இல்லம் என்றால் பாதி நிகழ்ச்சியிலேயே வெற்றி தெரிந்துவிடும். அதன் பிறகு பாடசாலையின் பாதிப் பிள்ளைகள் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். நான்கு இல்லத்தில் முதலிடம் போனாலும் இரண்டாம் இடத்துக்கு ஒரு சண்டை, மூன்றாம் இடத்துக்கு ஒரு சண்டை, கடைசி அஞ்சல் வரைக்கும் கூடாரத்தில் சத்தம் இருக்கும்.

18, 20 இரண்டையும் அஞ்சலுக்கு மட்டும் ஒரே மேற்பிரிவாக்குங்கள். 12உம் 7உம் 19. இல்லத்துக்கு 5, 5, 5, 4. அணி நிரம்பிவிட்டது. பெண்களிலும் இதே கணக்கைப் பாருங்கள். 12, 14 சேர்த்துக் கீழ்ப்பிரிவு, 16 நடுப்பிரிவு. மூன்று பிரிவு, இரு பால், ஆறு அஞ்சல்.

தனி ஓட்டங்களில் லேனுக்கு ஓர் இல்லம். ஒவ்வொரு வயதுப்பிரிவிலும் முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம் என்று வையுங்கள்: இல்லத்தின் வேகமான பிள்ளை முதல் ஓட்டத்தில், அடுத்த பிள்ளை இரண்டாவதில். முதல் ஓட்டத்துக்கு 5, 3, 2, 1 புள்ளி. இரண்டாம் ஓட்டத்துக்கு 3, 2, 1. அஞ்சலுக்கு இரட்டிப்பு. ஒருவருக்குத் தனி நிகழ்ச்சி மூன்று, அதோடு அஞ்சல். இந்த எல்லை இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு பேரே எல்லாக் கிண்ணத்தையும் தூக்குவார்கள், மற்ற 160 பேரும் கைதட்டவே வந்ததாகிவிடும். புள்ளிமுறையை எழுதி நான்கு இல்லப் பொறுப்பாசிரியர்களிடமும் கையொப்பம் வாங்கி, அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள். தகராறு வருவது எப்போதும் சமநிலையில்தான். கூடுதல் முதலிடம் பெற்ற இல்லம் முன்னால் என்று அதையும் எழுதுங்கள்.

மைதான நிகழ்ச்சிகளை முந்திய வாரத்திலேயே காலை 6.45 முதல் 8 மணிக்குள் முடியுங்கள். குண்டு எறியும் வட்டம் 2.135 மீற்றர் விட்டம், தட்டு எறியும் வட்டம் 2.50. எறியும் எல்லைக்குப் பாகைமானி தேவையில்லை: வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீற்றரில் இரண்டு புள்ளி, அவற்றுக்கிடையே 12 மீற்றர். அந்தக் கோணம்தான் சட்டக் கோணம். தட்டுக்கு வலைக்கூண்டு இல்லாவிட்டால் எறிபவரின் பின்னால் மட்டுமல்ல, இரு பக்கமும் ஒருவரும் நிற்கக் கூடாது. கை வழுக்கினால் தட்டு பக்கவாட்டில்தான் பாயும். ஈட்டியை இந்த மைதானத்தில் கூட்டம் இருக்கும் நாளில் வைக்கவே வேண்டாம்.

நீளம் பாய்தல் குழி 7 மீற்றர் நீளம், 2.75 அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழம். நிரப்ப ஆற்று மணல் இரண்டு கியூப் (ஒன்று 100 கன அடி) கொஞ்சம் மேலே. அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்கிப் பற்றுச்சீட்டையும் கோவையில் போடுங்கள். மாரி முடிந்த கையோடு குழி மணல் இறுகிப் பாறையாகக் கிடக்கும். அடிவரை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிச் சலியுங்கள். போத்தல் துண்டும் சிப்பியும் கட்டாயம் அகப்படும்.

நெருஞ்சியை மறக்க வேண்டாம். உங்கள் பக்கம் மாரி விட்டதும் முளைத்துப் படரும். மஞ்சள் பூவோடு இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் ஒரு மாலை வேலை. காய் முற்றி உதிர்ந்துவிட்டால், செடியைப் பிடுங்கினாலும் முள் மண்ணில் இருக்கும். ஈரச் சாக்கை மைதானத்தில் இழுத்துக்கொண்டு போனால் முள் சாக்கில் ஒட்டி வரும். பெரும்பாலான பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

பின்னேரப் பயிற்சியைக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே நிறுத்துங்கள். யானை நடமாட்டம் உள்ள பாதையால் போகும் பிள்ளைகளுக்குப் பின்னேரமே வேண்டாம், காலையில் வையுங்கள்.

பதில் 4: ஆலங்கேணிப் பெற்றோர்

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பக்கத்தால் சொல்ல வேண்டியவை.

மயக்கத்துக்குப் பழி வெயிலின் மேல் விழுகிறது. பாதிக் காரணம் வெறும் வயிறு. அதிகாலை பஸ்ஸைப் பிடிக்க வரும் பிள்ளை தேத்தண்ணி மட்டும் குடித்திருக்கும். 7 மணிக்குத் தொடங்குவதென்றால் 6.15க்கு அவித்த பயறு கொடுங்கள். பிள்ளைக்கு 50 கிராம் என்று 168 பேருக்கு எட்டரைக் கிலோ, தேங்காய்த் துருவல், உப்பு. முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். ஓடுவதற்குச் சற்று முன் குளுக்கோஸை அள்ளி வாயில் போடுவதைத் தடுங்கள், தாகத்தைக் கூட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர் என்று 250 பேருக்கு 500 லீற்றர். பிரதேச சபையிடம் பவுசர் (தண்ணீர் வண்டி) கேட்டு இரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். பவுசர் வந்தால் போதாது, தண்ணீர் ஒவ்வொரு இல்லக் கூடாரத்துக்கும் போக வேண்டும்: மூடியும் குழாயும் உள்ள பரல் நான்கு. தூரத்தில் ஒரே தாங்கி இருந்தால் பிள்ளைகள் எழும்பிப் போய்க் குடிக்க மாட்டார்கள். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றத் தூள்) பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரைப் பக்கற், கண்மதிப்புத் தண்ணீர் என்று கலக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள்.

விழுந்த பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் கூட விடாதீர்கள். நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சப்பாத்தையும் ரையையும் தளர்த்துங்கள். பிள்ளை தெளியுமுன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடம்பு கொதித்து, பேச்சுக் குழம்பினால் அது சாதாரண மயக்கம் அல்ல. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இலவச சேவைதான்.

நேரத்தைப் பாருங்கள்: 100 மீற்றர் முதல் ஓட்டங்கள் (கீழ்ப் பிள்ளைகளின் 60உம் சேர்த்து) 10, 200 மீற்றர் 8, அஞ்சல் 6. மொத்தம் 24. ஒன்றுக்கு ஐந்து நிமிடம், இரண்டு மணித்தியாலம். கொடியேற்றம், அணிநடை அரை மணி. தேசிக்காய் ஓட்டம், பெற்றோர் கயிறிழுத்தல் அரை மணி. பரிசளிப்பு அரை மணி. 10.30க்கு முடியும். இரண்டாம் ஓட்டங்களையும் 800, 1500 ஐயும் முந்திய வாரமே ஓட்டிவிடுங்கள். விருந்தினர் பேச்சு இரண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம், அதுவும் பரிசளிப்பின்போது பிள்ளைகள் நிழலில் இருக்கையில். அணிநடை முடிந்து பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைத்துப் பேசுவதுதான் விழுத்துகிறது.

அலங்காரத்துக்கு ஒரே சட்டம்: காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புள்ளி இல்லை. தென்னோலை, பனங்குருத்து, வாழை, களிமண், பழைய கடதாசி. தோரணம் பின்னத் தெரிந்த தாத்தாமார் ஊரில் இருக்கிறார்கள். முதல்நாள் பின்னேரம் இல்லத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு இருத்துங்கள், பிள்ளைகளும் பழகுவார்கள்.

திகதி விடயம்: மாசிக் கடைசியைப் பூட்டுமுன் மூன்றைப் பாருங்கள். சிவராத்திரியை ஒட்டித் திருகோணமலைக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் பெற்றோர் பலர் பட்டணத்தில் நிற்பார்கள். இந்த ஆண்டுகளில் றமழான் நோன்பும் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. நோன்பு பிடிக்கும் பிள்ளையும் ஆசிரியரும் இருந்தால் அதற்கு முன்னே வையுங்கள். மூன்றாவது, உங்கள் பாடசாலை ஓ.எல் (சாதாரண தர) பரீட்சை நிலையமா என்பது. சித்திரைக்குப் பின்னே தள்ள வேண்டாம். கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கினால் புழுதியும் அனலும் காலை 9 மணிக்கே வந்துவிடும்.

நாலாம் லேன்

ஒன்று விட்டுப்போச்சு, ரீச்சர். போட்டி முடிந்ததும் மூலை முளைகள் நான்கையும் அன்றே பிடுங்கிவிடுங்கள், அடுத்த நாள் பிள்ளைகள் அதே இடத்தில் எல்லே (பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம்) விளையாடுவார்கள். அ, ஆ இரண்டையும் மட்டும் நிலமட்டத்துக்கு அரை அடி கீழே இறக்கி மண் மூடுங்கள். ஒவ்வொன்றும் வகுப்பறைக் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்து விளையாட்டுக் கோவையில் படமாகக் கீறி வையுங்கள். அடுத்த வருடம் யாருடைய பொறுப்பானாலும் அந்தத் தாளும் ஒரு நாடாவும் இருந்தால் அரை நாளில் பாதை அடித்துவிடலாம்.